மூணு ஆளுக்கு ஆறு வயல் எதுக்கு? – சிவிலைசேஷன் 6

சிவிலைசேஷன் என்ற கணினி விளையாட்டின் ஆறாம் பாகம் வெளிவந்தது 2016 அக்டோபரில். இத்தனை வருஷம் கழித்து அதற்கு விமர்சனம் எழுதுவது, கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த பிறகு மொய்க் கவரோடு போய் நிற்பது போலத்தான். என்ன செய்ய, நான் வாங்கியதே தாமதம். ஒரு பெரிய தள்ளுபடி வந்தபோது ‘ரைஸ் அண்ட் ஃபால்’, ‘கேதரிங் ஸ்டார்ம்’ என்ற இரண்டு விரிவாக்கங்களையும் சேர்த்து வாங்கினேன், அன்றிலிருந்து ராத்திரி தூக்கம் போனது. படையெடுப்பு, ராஜதந்திரம், விண்வெளிக்கு ராக்கெட் விடுவது இதையெல்லாம் பற்றி எழுத ஆள் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது ஒரே ஒரு சின்ன விஷயம். பில்டர் என்ற வேலையாள் ஒருவன் அரிசிக் கட்டத்தின் மேல் போய் நிற்கிறான், கீழே ‘ஃபார்ம் போடு’ என்று ஒரு பட்டன் மினுங்குகிறது, அதை அமுக்குவதா வேண்டாமா? ஆட்டத்தின் ருசி முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வரைபடம் முழுக்க அறுகோணக் கட்டங்கள். ஒரு ஊர் வைத்தால் அதைச் சுற்றி மூன்று கட்டத் தூரம் வரைக்கும் அந்த ஊர் மக்கள் வேலை செய்யலாம், எண்ணிப் பார்த்தால் மொத்தம் 36 கட்டம். சிலவற்றில் அரிசி, கோதுமை, மாடு, கல், பருத்தி, இரும்பு என்று ஏதாவது வளம் கிடக்கும். பில்டர் போய் வயலோ சுரங்கமோ தோட்டமோ போட்டால் கட்டம் கூடுதலாகத் தரும். ஐந்தாம் பாகத்தில் இந்த வேலையாள் சாகாவரம் பெற்றவன், ஒரு தடவை செய்துவிட்டால் ஆட்டம் முடிகிற வரை வேலை செய்துகொண்டே இருப்பான், ஒவ்வொரு வேலைக்கும் பல டர்ன், அதாவது பல சுற்று, எடுத்துக்கொள்வான். ஆறில் அதை மாற்றிவிட்டார்கள். வேலை அந்த நொடியே முடிந்துவிடும், ஆனால் ஒரு பில்டருக்கு மூன்று சார்ஜ்தான், ஒரு வேலைக்கு ஒரு சார்ஜ். மூன்றாவதை முடித்ததும் ஆளையே காணோம். அவனைச் செய்ய 50 உற்பத்தி ஆகும், அடுத்தவனுக்கு 54, அதற்கடுத்தவனுக்கு 58 என்று நாலு நாலாக ஏறிக்கொண்டே போகும்.

இது தெரியாமல் முதல் ஆட்டத்தில் நான் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். ஆற்றோரம் தலைநகரம், சுற்றிலும் பச்சைப் புல்வெளி, இரண்டு கட்டத்தில் அரிசி வேறு. நமக்கு வயலைப் பார்த்தால் சும்மா இருக்க முடியுமா? அடுத்தடுத்து இரண்டு பில்டர் செய்து ஆறு கட்டத்திலும் வயல் போட்டுவிட்டேன். திரையைப் பார்க்கவே அழகாக இருந்தது. அப்பா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்கள். எங்களுக்குச் சேரன்மகாதேவி பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நஞ்சை உண்டு, அதனால் திரையில் வயல் தெரிந்ததும் அவர்களுக்கும் ஒரு ஆர்வம்.

“ஏல, இந்த ஊர்ல எத்தன பேரு இருக்காவ?”

“மூணு பேருப்பா.”

“மூணு ஆளுக்கு ஆறு வயல் எதுக்கு? யாரு எறங்கி வேல பாக்கது?”

அவ்வளவுதான் கேட்டார்கள், சாப்பிடப் போய்விட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் நிஜமாகவே ஆட்டத்தின் கணக்கு அதுதான். ஊரின் மக்கள்தொகை மூன்று என்றால் மூன்று கட்டத்தில்தான் ஆள் இறங்கும், மீதி மூன்று வயலும் தரிசுதான், ஒரு நெல்மணி கூடத் தராது. நான் இரண்டாவது பில்டருக்குக் கொடுத்த உழைப்பு அப்படியே தண்ணீரில் போனது. அந்த நேரத்தில் அடுத்த ஊர் வைக்க ஒரு செட்லரை மூன்றில் இரண்டு பங்கு செய்திருக்கலாம், அதற்கு 80 உற்பத்திதான்.

அதன் பிறகு நான் போட்டுப் பார்த்த கணக்கு இது, வாங்குகிறவர்களுக்கு உதவும். 50 உற்பத்திக்கு மூன்று சார்ஜ், அப்படியென்றால் ஒரு சார்ஜின் விலை சுமார் 17. சுரங்கம் ஒன்று போட்டால் டர்னுக்கு 1 உற்பத்தி கூடும், ஆக 17 டர்னில் போட்ட முதல் திரும்பிவிடும். ஆட்டம் சாதாரண வேகத்தில் 500 டர்ன் என்பதால் ஆரம்பத்தில் போடுகிற சுரங்கம் கொழுத்த லாபம், அங்கே ஆள் இறங்கி வேலை செய்தால் மட்டும். சாப்பாட்டுக் கணக்கையும் பார்க்க வேண்டும். ஒரு ஆளுக்கு டர்னுக்கு 2 உணவு வேண்டும். புல்வெளியில் 2 இருக்கிறது, அரிசி இருந்தால் 3, அதில் வயல் போட்டால் 4. அதாவது அந்த வயலில் நிற்கிறவன் தானும் சாப்பிட்டு இன்னொரு ஆளுக்கும் சோறு போடுகிறான். அந்த இன்னொரு ஆளைப் புல்மேட்டுச் சுரங்கத்துக்கு அனுப்பினால் அவன் 2 உணவு, 2 உற்பத்தி என்று தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்வான். என் முதல் பில்டரின் சார்ஜ் இப்போதெல்லாம் ஒரு அரிசி, ஒரு சுரங்கம், மூன்றாவது கையிருப்பு. அந்த மூன்றாவதைச் செலவழிக்காமல் பத்துப் பதினைந்து டர்ன் சும்மா நிறுத்தி வைக்க மனசு ஒப்புவதில்லை, ஆனாலும் நிறுத்துகிறேன்.

ஆள் இறங்காமலே பலன் தருகிற கட்டங்களும் உண்டு, இங்கேதான் புதிதாக ஆடுகிறவர்கள் குழம்புவார்கள். வளம் மூன்று வகை. பருத்தி, தேயிலை, தந்தம், முத்து மாதிரி ஆடம்பரப் பொருள்கள் ஒரு வகை. இவற்றில் கட்டத்தைத் திருத்திய உடனே, அங்கே யாரும் வேலை செய்யாவிட்டாலும், நாலு ஊருக்குத் தலா ஒரு அமெனிட்டி கிடைக்கும். அமெனிட்டி என்றால் மக்களின் சந்தோஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது குறைந்தால் ஊர் வளர்வதும் குறையும், ரொம்பக் குறைந்தால் கலகக்காரர்கள் கிளம்புவார்கள். ஆகவே புது ஆடம்பரப் பொருள் கண்ணில் பட்டால் யோசிக்க வேண்டாம், போட்டுவிடுங்கள். அதே பொருள் இரண்டாவது கட்டத்திலும் இருந்தால் மட்டும் நிதானம், ஏனென்றால் இரண்டாவது பருத்தியால் நம் மக்களுக்கு ஒரு சந்தோஷமும் கூடாது, பக்கத்து ராஜ்யத்துக்கு விற்கத்தான் ஆகும். விற்றால் டர்னுக்கு இத்தனை தங்கம் என்று நன்றாகவே தருகிறார்கள், அதுவும் ஒரு வருமானம். முத்து கிடைக்கிற கடலோரத்தில் ஊர் வைத்தால் அந்த ஊருக்கு நான் கொற்கை என்றுதான் பெயர் மாற்றுவேன், ஆட்டத்தில் பெயர் மாற்ற வசதி இருக்கிறது.

குதிரை, இரும்பு, எண்ணெய் எல்லாம் இரண்டாவது வகை, படைக்கும் தொழிலுக்கும் வேண்டியவை. இதுவும் ஆள் இறங்காமலே சேரும். கேதரிங் ஸ்டார்ம் விரிவாக்கத்தில் ஒரு இரும்புச் சுரங்கம் டர்னுக்கு 2 தரும், ஒரு வாள்வீரனுக்கு 20 வேண்டும், அப்படியானால் பத்து டர்னுக்கு ஒரு ஆள். கிட்டங்கியில் ஆரம்பத்தில் 50க்கு மேல் வைக்கவும் முடியாது. சண்டைக்குப் போகிற எண்ணமே இல்லாவிட்டால் இரும்பைக் கொஞ்சம் ஆறப்போடலாம். இருந்தாலும் பக்கத்து ராஜாவின் முகத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தலைவலி மூன்றாவது வகையில்தான். அரிசி, கோதுமை, மாடு, கல், மீன் என்று சாதாரண வளங்கள். இவை ஆள் இறங்கினால்தான் தரும், ஆடம்பரமும் கிடையாது, ஆயுதமும் கிடையாது. இவற்றை நாலு விதமாகக் கையாளலாம். திருத்தலாம், அப்படியே விட்டுவிடலாம், ஒரேயடியாக அறுத்துக் காசாக்கலாம், அல்லது அதன் மேலேயே ஒரு டிஸ்ட்ரிக்ட் கட்டிவிடலாம். டிஸ்ட்ரிக்ட் என்பது ஊருக்கு வெளியே ஒரு முழுக் கட்டத்தை எடுத்துக்கொண்டு உட்கார்கிற கோயில் வளாகம், கல்விக்கூடம், சந்தை மாதிரியானவை. அது வந்தால் கீழே இருந்த அரிசி போயே போய்விடும், அதற்கு ஒரு தம்பிடி நஷ்ட ஈடு கிடையாது, போட்டிருந்த வயலும் அதற்கான சார்ஜும் கூடவே போகும்.

திருநெல்வேலி பைபாஸ் ஓரமாகப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நேற்று வரை தொழி அடித்து நாற்று நட்ட வயல், இன்றைக்குக் கல் ஊன்றிப் பெயர்ப்பலகை வைத்த பிளாட். ரோடு வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்தவர் வரப்பு வெட்டுவதற்குக் கூடக் காசு செலவழிக்க மாட்டார். ஆட்டத்தில் அந்த ‘முன்கூட்டித் தெரிந்தவர்’ நாம்தான் என்பது ஒரு வசதி. சந்தை டிஸ்ட்ரிக்டுக்கு ஆற்றங்கரை என்றால் 2 தங்கம் கூடுதல், ஆகவே ஆற்றை ஒட்டிய நல்ல கட்டங்களில் ஒன்று என்றைக்காவது சந்தைக்குப் போகும் என்று முதல் நாளே தெரியும். வரைபடத்தில் கொடி குத்தி வைக்க வசதி இருக்கிறது. ஊர் வைத்த அன்றே எந்தக் கட்டத்தில் எந்த டிஸ்ட்ரிக்ட் என்று கொடி குத்திவிட்டு, கொடி இல்லாத கட்டங்களுக்கு மட்டும் பில்டரை அனுப்புகிறேன். மக்கள்தொகை 1, 4, 7, 10 என்று ஏறும்போதுதான் ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டாகத் திறக்கும், அதனால் முதல் நூறு டர்னில் எத்தனை வரும் என்று ஓரளவு கணிக்கலாம். ஆடம்பரப் பொருளோ தெரிய வந்த இரும்போ இருக்கிற கட்டத்தில் மட்டும் டிஸ்ட்ரிக்ட் வைக்கவே விடாது. நாலு மலைக்கு நடுவில் கல்விக்கூடத்துக்கென்றே செய்து வைத்த மாதிரி ஒரு இடம், அதில் போய்த் தேயிலை நின்றால் வருகிற எரிச்சலைச் சொல்லி மாளாது.

அறுத்துக் காசாக்குவது பற்றி. டிஸ்ட்ரிக்ட் வரப்போகிறது என்று முடிவாகிவிட்டால் அதற்கு முன்பே ஒரு சார்ஜைக் கொடுத்து அரிசியை அறுத்துவிடுங்கள், உணவு ஒரே மொத்தமாக ஊருக்கு வந்து சேரும், பல நேரம் அந்த டர்னிலேயே ஒரு ஆள் கூடிவிடும். காட்டை வெட்டினால் உற்பத்தி மொத்தமாக வரும். நாள் போகப் போக, நம் அறிவியல் வளர வளர, வெட்டுக்குக் கிடைப்பதும் கூடும். ரைஸ் அண்ட் ஃபாலில் வருகிற மேக்னஸ் என்ற ஆளுநரை அந்த ஊரில் உட்கார வைத்தால் இன்னும் பாதி கூடுதல். நன்றாக ஆடுகிறவர்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டித் தள்ளச் சொல்கிறார்கள், கணக்கின்படி அது சரியும்கூட. எனக்கு மனசு வராது. தேரிக்காட்டுப் பக்கம் பனையை வெட்டிச் செங்கல் சூளைக்கு லாரி லாரியாக ஏற்றினதைச் சின்ன வயசில் பார்த்தவன் நான், வெட்டின அன்றைக்குக் கையில் காசு, அடுத்த வருஷம் பதநீரும் கிடையாது, ஓலையும் கிடையாது. ஆட்டத்தில் அந்தக் குற்ற உணர்ச்சிக்கு எந்த அர்த்தமும் இல்லை என்று தெரிந்தும் இரண்டு காட்டையாவது விட்டு வைக்கிறேன், அதனாலேயே மேல் மட்டத்தில் தோற்கிறேன்.

ஆட்டம் நம்மைத் தப்புத் தப்பாகத் திருத்தச் சொல்லித் தூண்டில் போடுகிற இடமும் ஒன்று இருக்கிறது. ஒரு வளத்தில் வயல் போட்டால் பாசனத் தொழில்நுட்பத்தில் ஒரு பங்கு இலவசம், குவாரி போட்டால் கட்டுமானக் கல் வேலையில், மூன்று கட்டத்தைத் திருத்தினால் கைத்தொழிலில். விரிவாக்கங்களில் இந்தப் பங்கு 40 சதவீதம். ஆறு வயல் போட்டால் ஃபியூடலிசம், அதாவது நிலப்பிரபுத்துவம் என்கிற படி, சீக்கிரம் வரும். ஃபியூடலிசம் வந்தால் செர்ஃப்டம் என்ற கொள்கை அட்டை கிடைக்கும், அதற்குப் பிறகு செய்கிற பில்டருக்கு மூன்றுக்குப் பதில் ஐந்து சார்ஜ். அதோடு, மூன்று வயல் ஒன்றையொன்று ஒட்டி முக்கோணமாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 1 உணவு கூடுதல். இப்போது சிக்கலைப் பாருங்கள். ஐந்து சார்ஜ் ஆள் வருகிற வரைக்கும் காத்திருப்பதுதான் சிக்கனம், ஆனால் அவன் சீக்கிரம் வர வேண்டுமென்றால் இப்போதே மூன்று சார்ஜ் ஆளை வைத்து ஆறு வயல் போட வேண்டும். இந்த இடத்தில் நான் பேனா பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். எனக்குக் கிடைத்த விடை, ஆறு வயலையும் ஒரே ஊரில் போடாமல் இரண்டு மூன்று ஊருக்குப் பிரித்து, பின்னால் முக்கோணம் ஆகிற மாதிரி இடம் பார்த்துப் போடுவது. ஒவ்வொரு ஊரிலும் இறங்க ஆள் இருக்கும், தரிசு விழாது.

அப்பாவிடம் இதைச் சொன்னால் அவர்களுக்கு ஆச்சரியமே இல்லை. பாபநாசம் அணையில் தண்ணீர் எத்தனை அடி என்று பேப்பரில் பார்த்துவிட்டுத்தான் கார்ப் போகத்துக்கு நாற்று பாவுவதா, பிசானப் போகத்துக்குக் காத்திருப்பதா என்று முடிவு செய்கிறவர்கள். “தண்ணி வராத வயலுக்கு உரத்தப் போட்டுட்டு வானத்தப் பாத்துட்டு இருப்பியோ?” என்றார்கள். ஆட்டத்திலும் தண்ணீருக்கு மரியாதை உண்டு. ஆறோ ஏரியோ பக்கத்தில் இருந்தால் ஊருக்கு 5 வீடு, கடலோரம் 3, தண்ணீரே இல்லாவிட்டால் 2. வீடு நிரம்பிவிட்டால் எத்தனை வயல் போட்டாலும் ஜனம் பெருகுவது கால்வாசியாகிவிடும். வயல் ஒவ்வொன்றும் அரை வீடு தருகிறது என்பதால் ஆள் இறங்காத வயல் கூடச் சில நேரம் உபயோகப்படும், இதை அப்பாவிடம் சொல்லி நான் என் மானத்தைக் கொஞ்சம் மீட்டுக்கொண்டேன்.

இந்தியாவாக ஆடினால் படிக்கிணறு கட்டலாம், வயலை ஒட்டிக் கட்டினால் கூடுதல் உணவு, வீடும் கூடும். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது குஜராத், ராஜஸ்தான் பக்கத்துச் சங்கதி. ஒரு கால்வாய், அதில் கோத்த மணி மாதிரி வரிசையாய்க் குளங்கள் என்று நம்மூர் ஏற்பாட்டை வைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

கேதரிங் ஸ்டார்மில் ஆறு பெருக்கெடுக்கும். வெள்ளச் சமவெளியில் போட்ட வயல் பாழாகும், சில நேரம் ஆளும் சாவான். வடிந்த பிறகு வண்டல் படிந்து அதே கட்டம் முன்னைவிடக் கூடுதலாகத் தரும். பாழானதைச் சரி செய்யப் பில்டருக்குச் சார்ஜ் செலவே கிடையாது, நடந்து போய் ஒரு டர்ன் நின்றால் போதும். இந்த இடத்தில் எனக்கு ஒட்டவில்லை. 2023 டிசம்பர் 17, 18ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்து, தாமிரபரணி கரை கொள்ளாமல் போன அந்த நாட்களைப் பார்த்தவர்களுக்கும் ஒட்டாது. வெள்ளம் எங்கள் பக்கத்து வயல்களில் போட்டுவிட்டுப் போனது மணல். அதை அள்ளி வெளியே கொட்ட எத்தனை ‘சார்ஜ்’ ஆனது என்று கேட்டால் ஊரில் கதை கதையாகச் சொல்வார்கள். ஆட்டம் என்கிற அளவில் பார்த்தால் ஏற்பாடு கெட்டிக்காரத்தனமானதுதான், ஆபத்தான ஆற்றங்கரையில் வயல் போடலாமா என்று ஒவ்வொரு தடவையும் யோசிக்க வைக்கிறது.

குறைகளுக்கு வருகிறேன். எந்தக் கட்டத்தில் ஆள் இறங்கியிருக்கிறான் என்பது வரைபடத்தைப் பார்த்த மாத்திரத்தில் தெரிவதில்லை. ஊரைத் தொட்டு, மக்களை நிர்வகிக்கிற பட்டனை அமுக்கித்தான் பார்க்க வேண்டும். இவ்வளவு முக்கியமான தகவலை உள்ளே ஒளித்து வைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆட்டமாகவே ஆளை ஒரு கட்டத்திலிருந்து தூக்கி இன்னொரு கட்டத்தில் போட்டுவிடும், கவனிக்காவிட்டால் நீங்கள் பார்த்துப் பார்த்துப் போட்ட சுரங்கம் ஆளில்லாமல் கிடக்கும். அப்புறம், ஊர் பத்துப் பன்னிரண்டு ஆன பிறகு பில்டர் வேலை வெறும் கூலி வேலையாகிவிடுகிறது. 20வது பில்டருக்கு 126 உற்பத்தி கேட்கும், கொடுத்துச் செய்தால் அவனைக் கையைப் பிடித்து ஒவ்வொரு கட்டமாகக் கூட்டிப் போக வேண்டும், ‘நீயே பார்த்துச் செய்’ என்று விட ஐந்தாம் பாகத்தில் இருந்த வசதி இதில் இல்லை. என் 8 ஜிபி லேப்டாப்பில் 250 டர்னுக்கு மேல் ஒவ்வொரு டர்னுக்கும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். கணினி ஆடுகிற எதிரிகளும் மோசம். ஒரு ஊரைப் பிடித்து உள்ளே போய்ப் பார்த்தால் பாதிக் கட்டம் திருத்தாமலே கிடக்கும், கொள்ளையடித்துப் பாழாக்கிய வயலைச் சரி கூடச் செய்திருக்க மாட்டார்கள். இவர்களைக் கடினமாக்க ஆட்டம் செய்வதெல்லாம் அவர்களுக்குக் கூடுதல் சீதனம் கொடுப்பதுதான். தமிழில் கிடையாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஏழாம் பாகம் 2025 பிப்ரவரியில் வந்துவிட்டது, அதில் சோழர்கள் இருக்கிறார்கள். பாளையங்கோட்டையில் கூட்டாளி ஒருவன் வாங்கினான், “மக்கா, நம்ம ஆளு வந்தாச்சுல” என்று போன் போட்டு வரச் சொன்னான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க ஆடினோம். பார்க்கப் பிரமாதம். ஆனால் பில்டரையே எடுத்துவிட்டார்கள். ஊரில் ஆள் கூடினால் எந்தக் கட்டம் என்று மட்டும் கேட்கும், கட்டத்துக்கு ஏற்ற வேலையை அதுவாகவே போட்டுவிடும். ஆளில்லாத வயல் என்ற பேச்சுக்கே இடமில்லை, நான் முதல் ஆட்டத்தில் செய்த தப்பை அதில் செய்யவே முடியாது. கூட்டாளிக்கு அது நிம்மதி. எனக்கு உப்பில்லாத கஞ்சி.

ஆகவே யார் வாங்கலாம் என்றால், பொறுமை உள்ளவர்கள், வாழ்க்கையில் ஒரு தடவையாவது வரப்பில் உட்கார்ந்து கணக்குப் போட்டவர்கள் தாராளமாக வாங்கலாம். முழு விலை கொடுக்காதீர்கள், பழைய ஆட்டம், அடிக்கடி பெருந்தள்ளுபடி வருகிறது. தனி ஆட்டத்தை மட்டும் வாங்காமல் கேதரிங் ஸ்டார்மும் சேர்ந்த கட்டாகப் பார்த்து வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் ஆண்ட்ராய்டு போனில் முதல் 60 டர்ன் இலவசம், பில்டர் விஷயம் பிடிக்கிறதா என்று பார்க்க அது போதும், மற்றபடி சின்னத் திரையில் விரல் பட்டுத் தப்பான கட்டத்தில் வயல் விழும்.

இப்போது ஓடுகிற ஆட்டத்தில் டர்ன் 94. ஆற்றோரம் ஒரு அரிசிக் கட்டம், நான் குத்தின கொடி ‘சந்தை’ என்கிறது, ஊரில் ஆறு பேர், ஏழாவது ஆள் வர எட்டு டர்ன் ஆகும். பில்டர் ஒரு சார்ஜோடு கட்டத்தின் மேலேயே நிற்கிறான். வயல் போட்டால் ஏழாவது ஆள் சீக்கிரம் வருவான், வந்ததும் அந்த வயலை இடித்துத்தான் அவனால் திறந்த சந்தையைக் கட்ட வேண்டும். நேற்று ராத்திரி ஒன்றரை மணி வரை பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் மூடி வைத்தேன். அப்பாவிடம் கேட்டேன். அறுத்துரு என்கிறார்கள்.